ஆசான் இருக்கையும் அடுத்து வருவோரும்

தற்காப்புக் கலைப் புனைகதை என்றதும் நம்மவருள் பலர், வாள் சுழற்றலும் கூரைமேல் பறத்தலும் நிறைந்த வெறும் பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்பர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவன். அவ்வெண்ணத்தை மாற்றியவர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த சீன நண்பர். இரவு விளக்கணைந்த பின்னர், எங்கள் இருவருக்கும் பொதுவான மலாய் மொழியில், நாளுக்கொரு பகுதியாக அவர் சொல்லிவந்த கதை ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங் படைத்த 'சியாவ் ஆவ் ஜியாங் ஹு' என்னும் பெருநாவல். உலகை எள்ளி நகைத்துத் திரிதல் என்று அத்தலைப்புக்கு ஒருவாறு பொருள் கூறலாம். பின்னாளில் அதனையே இந்தோனேசிய மொழிபெயர்ப்பில் 'ஹினா கெலானா' என்ற பெயரில் படித்தேன். சீனம் அறியாதவன் சீன நாவலைத் திறனாயப் புகுவது துணிச்சல்தான். ஆதலின் மூலத்தின் மொழிநடை குறித்து ஒரு சொல்லும் சொல்லேன். கதைக்கட்டும் மாந்தர் படைப்புமே ஈண்டு என் பொருள்.

ஜின் யோங் என்பது புனைபெயர். 1924-ல் பிறந்து 2018-ல் மறைந்த இவர், 1959-ல் ஹாங்காங்கில் 'மிங் பாவ்' நாளிதழைத் தோற்றுவித்தவர். சிங்கப்பூரில் 1967-ல் தொடங்கப்பெற்ற 'சின் மின்' நாளிதழின் நிறுவனர் இருவருள் ஒருவரும் இவரே. ஆகவே நம் வட்டாரத்துக்கு இவர் அயலார் அல்லர். இந்நாவல் 1967 முதல் 1969 வரை 'மிங் பாவ்' இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. சீனப் பெருநிலத்தில் கலாசாரப் புரட்சி கொழுந்துவிட்டெரிந்த ஆண்டுகள் அவை. 1980-ல் எழுதிய பின்னுரையில், தம் மாந்தருள் பலர் வாள்வீரர் என்பதினும் அரசியல்வாதிகளே என ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். சைகோன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இக்கதை மாந்தரின் பெயரால் ஏசிக்கொண்டனர் என்ற செய்தியையும் அவர் அங்கே பதிவு செய்துள்ளார்.

அரசியல் உருவகம் என்று இந்நாவலைப் படிப்பதே பெருவழக்கு. அது தவறன்று, ஆனால் அவ்வழியிற் செல்வோர் கதையின் அடித்தளத்தைக் காணத் தவறிவிடுகின்றனர் என்பது என் கருத்து. இது ஒரு பள்ளியின் கதை. ஆசான் ஒருவர் இருக்கிறார், மாணாக்கர் இருக்கின்றனர், ஆசானுக்குப் பின் அவ்விருக்கையில் யார் அமர்வது என்ற வினா எழுகிறது. எல்லாக் கொலைகளும் இவ்வொரு வினாவைச் சுற்றியே நிகழ்கின்றன.

ஹுவா மலை வாட்பள்ளியின் தலைவர் யுவே புச்சுன். 'சான்றோர் வாள்' என ஊர் போற்றும் பெருமகனார். அநாதையாக வந்த லிங்ஹூ சோங் என்னும் சிறுவனை அவரும் அவர்தம் துணைவியாரும் மகனெனவே வளர்க்கின்றனர். அவனே தலைமாணாக்கன். ஆகவே அடுத்த தலைவனும் அவனே என்பது சொல்லாமலே எல்லோர்க்கும் தெரிந்த செய்தி. இதனினும் நேரான தலைமை வழி வேறு உண்டோ? எனினும் நாவல் முடிவதற்கு முன்பே ஆசான் மாணாக்கனைப் பள்ளியினின்று நீக்கி, அதனை எல்லாப் பள்ளிகளுக்கும் மடல்வழி அறிவித்தும் விடுகிறார். பின்னர் ஆசானும் மடிகிறார். பள்ளியும் பாழாகிறது.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யுவே புச்சுனின் பொய்ம்மை என்று கூறி அமைவார் உளர். அவர் பொய்யர்தாம், ஐயமில்லை. ஆயினும் ஆசிரியர் அதற்கும் முற்பட்ட காரணமொன்றை வைத்திருக்கிறார். சில தலைமுறைகட்கு முன், ஹுவா மலையைச் சேர்ந்த இருவர் வேறொரு மடத்தில் பாதுகாக்கப்பட்ட மறைநூலொன்றை ஒளிந்து படித்தனர். நேரம் போதாமையால் ஆளுக்குப் பாதி. மலைக்குத் திரும்பி இரு பாதிகளையும் ஒட்டிப் பார்த்தபோது அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தான் படித்ததே மெய் என்று ஒவ்வொருவரும் சாதித்தனர். அதனின்று பள்ளி இரண்டாயிற்று: உள்மூச்சே முதல் என்பார் ஒரு சாரார், வாளே முதல் என்பார் மறு சாரார். ஒரு சாரார் மறு சாராரை வெட்டி வீழ்த்தித் தலைமையைக் கைப்பற்றினர். யுவே புச்சுன் வென்ற பிரிவின் வழிவந்தவர். தோற்றவருள் எஞ்சியோர், அண்டை மலையின் தலைவர் சுவோ லெங்சான் தூண்டுதலால், பட்டத்தைத் திரும்பக் கேட்டு வாயிலில் வந்து நிற்கின்றனர்.

அரைகுறையாகத் திருடிப் படித்த ஒரு நூல் ஒரு பள்ளியைப் பிளந்தது! ஜின் யோங் இவ்விடத்தைச் சில பக்கங்களிற் கூறி நகர்ந்துவிடுகிறார். நாவலின் ஆணிவேர் இங்கேதான் உள்ளது என்பேன். ஏனெனில், கதை நெடுகிலும் தலைமைக்கு உரிமை கோருவோர் அனைவரும் ஏதேனும் ஒரு மறைநூலைத் தேடியே அலைகின்றனர். கற்பித்து வளர்த்த தகுதியாற் பெறவேண்டியதை, பிறர் அறியாத ஏடொன்றைக் கைக்கொள்வதால் பெற்றுவிடலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. யுவே புச்சுன் அதன் பொருட்டே லின் பிங்சி என்னும் இளைஞனைச் சீடனாக ஏற்று, மகளையும் மணமுடித்துத் தருகிறார். அவ்வேட்டைக் கைப்பற்றியவரும் அவரே. திருடிய பழியை மட்டும் வளர்ப்பு மகன்மேற் சுமத்துகிறார். அந்நூல் கேட்கும் விலையோ கொடிது. கற்பவன் தன் ஆண்மையை அறுத்தெறிய வேண்டும். வழித்தோன்றலுக்கே வழியில்லாதவனாக ஆகி, அதன் பின்னர்த் தலைமையைப் பெறலாம்! தலைமையுரிமையைப் பற்றிய கதையில் இதனினும் கூர்மையான உருவகம் அமைதல் அரிது.

எங்கள் தோட்டத்தில் சிலம்பம் கற்பித்த வாத்தியார் ஒருவர் இருந்தார். மாலை வேளைகளில் ரப்பர் ஆலைக்குப் பின்னால் உள்ள திடலில் பதினைந்து இளைஞர்கள் அவரிடம் பயின்றனர். எல்லா வீச்சும் கற்பிப்பார். ஒரே ஒரு பூட்டை மட்டும் எவர்க்கும் காட்டமாட்டார். "எல்லாத்தையும் குடுத்துட்டா, நாளைக்கு என் மேலயே கம்பு திரும்பும்டா" என்று சிரிப்பார். அவர் மறைந்த பின் மூத்த மாணாக்கர் இருவருக்குள், அந்தப் பூட்டு தனக்குத்தான் சொல்லித் தரப்பட்டது என்ற வழக்கு எழுந்தது. ஓராண்டுக்குள் திடலில் புல் முளைத்துவிட்டது. ஹுவா மலையின் இரு பிரிவினரைப் படித்தபோது அப்புல்தான் எனக்கு நினைவில் எழுந்தது. பிறரைக் குறை கூறுவானேன்? நானும் சில ஆண்டுகள் சில கோப்புகளைத் துணைத் தலைமையாசிரியர் கண்ணிற் படாமல் வைத்திருந்தவன்தான். எனக்குப் பின் வருபவரை அமைச்சு அனுப்பும். அது என் கையில் இல்லை. ஆனால் வருபவர் வெறுங்கையோடு அமர வேண்டுமா என்பது என் கையில் இருந்தது.

மற்றப் பள்ளிகளையும் ஆசிரியர் இவ்வினாவுக்கே உட்படுத்துகிறார். ஓய்வு பெற விரும்பித் தங்கக் கிண்ணத்தில் கைகழுவ முன்வரும் லியு செங்பெங் என்பவரை ஓய்வுபெறவே விடாமல், குடும்பத்தோடு அழிக்கின்றனர். ஐந்து மலைப் பள்ளிகளையும் ஒன்றாக்கித் தாமே அதற்குத் தலைவராக நினைத்த சுவோ லெங்சான், யுவே புச்சுனிடம் தோற்றுக் கண்ணிழக்கிறார். எதிரணியில், பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து மீண்ட ரென் வோசிங், தம்மைக் கவிழ்த்தவனை ஒழித்து இருக்கையில் அமர்கிறார். அமர்ந்த அன்றே பழைய துதிபாடிகள் புதிய தலைவரையும் அதே சொற்களால் வாழ்த்துகின்றனர். முதலில் அவர் கூசுகிறார். பின்னர் சுவைக்கத் தொடங்குகிறார். இப்பகுதியில் ஜின் யோங்கின் எழுதுகோல் உச்சத்தில் நிற்கிறது.

இவ்வளவு இருளுக்கிடையே ஒரே ஓர் ஒளிக்கீற்று உண்டு. அஃது ஹெங் மலைப் பெண்துறவியர் பள்ளி. அதன் தலைவி திங்சியான் அம்மையார் ஊசியால் தாக்குண்டு உயிர்விடும் தறுவாயில், பள்ளியின் பொறுப்பை லிங்ஹூ சோங்கிடம் ஒப்படைக்கிறார். அவனோ ஆடவன், குடிகாரன் என்று பெயரெடுத்தவன், சொந்தப் பள்ளியினின்று நீக்கப்பட்டவன். துறவியரின் மரபில் இதற்கு இடமேயில்லை. ஆயினும் அவ்வம்மையார் மரபைவிட மாணாக்கியரின் உயிரைப் பெரிதாக நினைக்கிறார். மறைநூல் ஏதும் அவர் தரவில்லை. வாக்குறுதி ஒன்றை மட்டும் பெறுகிறார். அவனும் ஊரார் நகைப்பைப் பொருட்படுத்தாது பொறுப்பேற்று, தன்னைத் தேடிவந்த முரட்டு ஆடவர் கூட்டத்தைத் துறவியர் வாழும் இடத்தினின்று விலக்கித் தனியே தங்கவைத்து, ஒழுங்கு காக்கிறான். உடைமையாகக் கருதாத ஒருவரிடமிருந்து உடைமையாகக் கருதாத ஒருவனுக்குத் தலைமை செல்லும் ஒரே இடம் நாவலில் இதுவே.

இங்கேதான் ஆசிரியரோடு நான் மாறுபடுகிறேன். இத்துணை அருமையாகத் தொடங்கிய இழையை அவர் வளர்க்கவில்லை. ஐந்து பள்ளிகளின் ஒப்பற்ற தலைமையைத் தீர்மானிக்கும் மேடையில், ஹெங் மலையின் தலைவனாக நிற்கும் லிங்ஹூ சோங், முன்னாட் காதலியாகிய ஆசான் மகளின் மனம் மகிழ வேண்டுமென்று, வேண்டுமென்றே காயமுற்றுத் தோற்கிறான். வாசகர் கண்ணீர் உகுக்கின்றனர். நானும் உகுத்தேன். ஆனால் அவனை நம்பி உடன்வந்த அத்தனை பெண்துறவியரின் நிலை என்ன? அவ்வினாவை எழுப்ப ஆசிரியர் ஒரு வரியேனும் ஒதுக்கவில்லை. இறுதியில் அவன் அப்பொறுப்பைத் துறவியருள் ஒருவரிடமே விட்டுவிட்டு, மனத்துக்கினியவளோடு இசை மீட்டி வாழச் செல்கிறான். பதவியைத் துறப்பதே பெருமை என்பது நாவலின் முடிந்த முடிபாக நிற்கிறது.

துறவின் பெருமையை நாமும் அறிவோம். அண்ணன் இருக்கத் தம்பிக்கே அரசு என்று கணியன் சொன்னதும், அரசுரிமையைத் துறந்து குணவாயிற் கோட்டம் புகுந்த இளங்கோவடிகளின் வரலாறு நம் உள்ளத்தில் ஊறியது. ஆயின் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. இளங்கோ துறந்தபோது அரியணை வெறுமையாகவில்லை, செங்குட்டுவன் இருந்தான், அவன் உரிமையைக் காப்பதற்காகவே துறவு நிகழ்ந்தது. லிங்ஹூ சோங் விலகும்போது அவன் வளர்ந்த ஹுவா மலையில் எவர் இருந்தனர்? அவன் துறவு எவரையும் அமர்த்தவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது.

"கதையில் தலைவனைத் தேடாதே, அவன் விடுதலை பெற்றான், அது போதாதா?" என்று என் சீன நண்பர் வாதிடுவார். அவர் ஓர் எடுத்துக்காட்டையும் தாமே தந்து மாட்டிக்கொண்டார். 1910-ல் ஷாங்காயில் தோன்றிய சின் வூ கழகத்தின் வரலாறு அது. அதன் பெயரோடு இணைந்த பேராசான் ஹுவோ யுவான்சியா அவ்வாண்டிலேயே மறைந்தார். 1972-ல் வந்த புரூஸ் லீயின் திரைப்படம், ஆசான் சாவுக்குப் பழிதீர்க்கும் சீடனை அங்கே படைத்தது. உண்மையில் நடந்ததோ வேறு. ஒரே சீடன் என்றில்லாமல் பலர் கூடிக் கழகத்தை நடத்தினர். வெவ்வேறு மரபைச் சேர்ந்த ஆசான்கள் ஒரே கூரையின்கீழ்த் தத்தம் கலையை ஒளிக்காமற் கற்பித்தனர். 1920-களின் தொடக்கத்தில் அக்கழகம் நம் நாட்டுக்கும் வந்தது. கோலாலம்பூரில் சின் வூ அரங்கம் இருக்கும் குன்றை நம்மில் அறியாதவர் யார்? ஜின் யோங் இதனை அறியாதவராக இருக்க முடியாது. ஆனால் குழு அமைத்து நடத்துவதில் கதைச்சுவை ஏது? பழிவாங்கலும் தனிமனிதத் துறவுமே ஏடுகளை விற்கும். கூட்டக் குறிப்பேட்டை எவரும் தொடர்கதையாகப் படிப்பதில்லை. இதனை ஆசிரியரின் குறையாக மட்டும் சொல்லவில்லை. தொடர்கதை வடிவத்தின் குறையும் ஆகும்.

ஆசிரியரின் மனச்சான்று, அவர் கொண்ட கருத்தையும் மீறிக் கடைசிக் காட்சியிற் பேசிவிடுகிறது. மணமுடித்த லிங்ஹூ சோங் துணைவியோடு ஹுவா மலைக்கு வருகிறான். தனக்கு வாட்கலை கற்பித்த முதியவர் பெங் சிங்யாங்கைத் தேடுகிறான், அவரைக் காணவில்லை. ஆசானில்லை; ஆசான் துணைவியில்லை; உடன்பயின்றோர் இல்லை. காண்பது ஒருவனை மட்டுமே. அவன் இரண்டாம் மாணாக்கன் லாவ் டெனோ. சுவோ லெங்சான் வேவு பார்க்க அனுப்பிய ஆள். ஆசானிடமிருந்து மறைநூலைத் திருடி, அதுவும் போலிப்படி என்பதை அறியாமல் எசமானுக்குக் கொடுத்தவன். இப்போது இரு குரங்குகளோடு சேர்த்துச் சங்கிலியில் பிணைக்கப்பட்டு மலைச்சரிவில் இழுபட்டுக் கிடக்கிறான். புதுமணத் தம்பதியர் அதைப் பார்த்து நகையாடிக்கொள்வதோடு நாவல் முடிகிறது. விடுதி அறையில் இவ்விடத்தை என் நண்பர் சொன்னபோது இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அண்மையில் மீண்டும் படித்தபோது, அம்மலையில் எஞ்சியிருந்த மாணாக்கர் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் ஒன்றுதான் இருந்திருக்கும் என்ற எண்ணம் வந்தது. பக்கத்தைத் திருப்பப் பக்கம் இருக்கவில்லை.