கோழிக்குக் காது கொடுப்பவர்கள்

நாட்டுக்கோழி வளர்ப்பில் ஒருவர் எவ்வளவு தேர்ந்தவர் என்று தெரிய வேண்டுமானால், அவர் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். களத்தில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருப்பார். முதுகுக்குப் பின்னால் குப்பைமேட்டில் கோழிகள் கிளறியபடி தங்களுக்குள் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலில் ஏதோ ஒன்று மாறும். நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல், "வேலிக்கிட்ட கீரி வந்திருக்குது, ஒரு கல்லெடுத்து வீசுங்க" என்பார். போய்ப் பார்த்தால் கீரி இருக்கும்.

கொங்கு நாட்டின் காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீடுகளில் இந்தக் காது உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதானவர்கள். கச்சேரியில் அரை சுருதி விலகினாலே முகம் சுளிக்கும் ரசிகரை நாம் எவ்வளவு மதிக்கிறோமோ, அதே மதிப்பை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது தீவனம், எடை, முட்டைக் கணக்கு என்றே பேசிவிட்டுப் போகிறோம். கோழி நாள் முழுக்கப் பேசுகிறது, அதைக் கேட்டுப் பதில் சொல்லத் தெரிவதுதான் இந்தக் கலையின் உயிர் என்பது பேச்சில் வருவதே இல்லை.

இந்தக் காது இங்கே வளர்ந்ததற்கு நிலமும் ஒரு காரணம். மேய்ச்சல் நிலமான மேட்டு நிலத்துக் கொறங்காட்டில் வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்கும், கீழே கொழுக்கட்டைப் புல் கிடக்கும், சுற்றிலும் கிளுவை வேலி. கோழிக்கு இரை எங்கும் உண்டு, எதிரியும் எங்கும் உண்டு. வானத்தில் பருந்தும் வல்லூறும். வேலிக்குள் கீரியும் வெருகு என்ற காட்டுப்பூனையும். கோழிகள் எந்நேரமும் கண்ணில் படுவதில்லை. காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. சங்க காலத்திலேயே ஒருவர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். குறுந்தொகையின் 139ஆம் பாட்டில், மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வருவதைக் கண்டு, வீட்டுக் கோழி துயரத்தோடு குஞ்சுகளைக் கூவி அழைப்பதை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். ஊரார் பேசும் பழிச்சொல்லுக்கு அந்தக் கூச்சலை அவர் உவமையாக வைத்தார். அந்தச் சத்தம் காதில் எப்படி உறைக்கும் என்று தெரிந்தவரால்தான் அப்படி வைக்க முடியும்.

அறிவியல் வெகு பின்னால்தான் வந்தது. அமெரிக்காவில் நிக்கோலஸ் காலியாஸும் மார்ட்டின் ஜூஸும் 1953இல் கோழிச் சத்தங்களைக் கருவியில் பதிவு செய்து வரைபடமாக்கினார்கள். குஞ்சு சுகமாக இருக்கும்போது எழுப்பும் சத்தம் கீழிருந்து மேலே ஏறுகிறது, தவிக்கும்போது எழுப்புவது மேலிருந்து கீழே இறங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். கோழியின் சத்தங்களைக் காலியாஸ் பிற்பாடு இருபத்து நான்கு வகையாகப் பிரித்தார். பீட்டர் மார்லரும் கிறிஸ்டோபர் எவன்ஸும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வானத்து எதிரிக்கு ஒரு சத்தம், தரை எதிரிக்கு வேறொரு சத்தம் என்று கோழி பிரித்துச் சொல்கிறது. எதிரியே கண்ணில் படாவிட்டாலும், சத்தத்தைக் கேட்ட மற்றக் கோழிகள் அதற்குத் தக்கபடி நடந்துகொள்கின்றன என்று 1993இல் எழுதினார்கள்.

தோட்டத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். மேலே பருந்து வட்டமடித்தால் சாவல் மெல்லிய, நீண்ட ஒரு கீச்சுக் குரல் எழுப்பும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாத குரல் அது. பருந்துக்கும் பிடிபடக் கூடாதல்லவா? கேட்ட மாத்திரத்தில் குஞ்சுகள் கிளுவை அடியில் பதுங்கிக் கல்லாகிவிடும். சாவல் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணை வானத்தில் நிறுத்தியிருக்கும். கோழிக்கு இரண்டு கண்ணும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கல்லுக்குள் தானியத்தைப் பிரித்தெடுக்க வலக் கண்ணும், எதிரியைக் கவனிக்க இடக் கண்ணும் கூடுதலாகப் பயன்படுகின்றன என்று ஆஸ்திரேலியாவின் லெஸ்லி ராஜர்ஸ் கோழிக்குஞ்சுகளை வைத்து ஆராய்ந்து சொன்னார். கீரியோ பூனையோ என்றால் கதையே வேறு. கொக்கொக்கொக் என்று அடுக்கி, கடைசியில் உரத்து வெடிக்கும் கத்தல். அப்போது எல்லாக் கோழியும் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று, தானும் சேர்ந்து கத்தும். ஒளிந்து வருகிறவனுக்கு, உன்னைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லும் கத்தல் அது.

சாவலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல இரை கிடைத்தால் அது தானே விழுங்கிவிடாது. துக்துக்துக் என்று விட்டுவிட்டு ஒலித்து, இரையைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு, பெட்டைகளை அழைக்கும். சில சாவல்கள் இரையே இல்லாமலும் அப்படி அழைக்கும். வெறும் கையாலே விருந்து வைக்கும் சாவலை நாளடைவில் பெட்டைகள் நம்புவதில்லை. விடியலில் கூப்பிடுவதிலும் முறை உண்டு. சாவலின் கூவல் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் காட்டினார்கள். கூட்டத்தில் அதிகாரத்தில் மூத்த சாவல் முதலில் கூப்பிட, மற்றவை வரிசைப்படி தொடரும் என்று 2015இல் சேர்த்தார்கள். இரண்டு சாவல் உள்ள வீட்டில் ஒருநாள் கூப்பிடும் வரிசை மாறினால், பட்டத்துக்குச் சண்டை நடந்து முடிந்துவிட்டது என்று எழுந்து போய்ப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

கோவைக்காரர்களுக்கு இதில் தனி உரிமையும் உண்டு. ஆனைக்கட்டி, சிறுவாணி மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கூவல் வீட்டுச் சாவலின் கூவலைப் போல நீளாது. துண்டு துண்டாக முறியும். வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் நம் கோழிகளின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தென்னாட்டு மலைகளின் பறவை உலகம் முழுவதும் உள்ள கோழிக் கால்களில் தன் நிறத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இந்தக் கலையின் உச்சம் அவயம் வைப்பது, அதாவது கோழியை முட்டைமேல் அடைகாக்க உட்கார வைப்பது. முட்டையிட்டு முடித்த கோழி கூட்டை விட்டு எழ மறுத்து, கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து அடித்தொண்டையில் கேறும். அவயத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, ஒற்றைப்படையில் ஒன்பதோ பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைப்பார்கள். இடிச் சத்தத்துக்கு முட்டை கெட்டுப்போகாமல் இருக்க ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவது வழக்கம். இரும்பு இடியைத் தடுக்குமா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதை வைக்கும் கை எவ்வளவு பொறுப்போடு வைக்கிறது என்பதே என் கண்ணில் படுகிறது. அவயம் வேண்டாத கோழியைத் தெளிய வைக்க மூக்கில் இறகைச் செருகும் பழக்கமும் இங்கே உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் இரண்டு மூன்று நாள் விட்டாலே கோழி தெளிந்துவிடும்.

இருபத்தோராம் நாள் குஞ்சு பொரியும். பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குண்டடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு அம்மா அவயக் கோழியின் அடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். "கேளுங்க சாமி, உள்ளுக்குள்ள தட்டுது பாருங்க." முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நகத்தால் சுரண்டுவது போல ஒரு தட்டல், அதைத் தொடர்ந்து ஓட்டுக்குள்ளிருந்து மங்கலாக ஒரு கீச்சு. அதே நொடியில் கூடையிலிருந்த கோழி தணிந்த குரலில் குக், குக் என்று பதில் கொடுத்தது. "முட்டைய வெச்சிருங்க, தாய் தேடுது" என்று அவர் வாங்கி, உடம்புச் சூடு ஆறுமுன் திரும்ப அடியில் செருகினார். கடைசி இரண்டு மூன்று நாளில் குஞ்சு முட்டையின் காற்றறையைக் குத்தித் திறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் குரலும் வந்துவிடுகிறது. குளிர்ந்தால் அழும், தாய் புரட்டிச் சரிசெய்து அமர்ந்தால் அடங்கும். வெளியே வரும்போதே தாயின் குரல் குஞ்சுக்குப் பழகிப்போயிருக்கும்.

நாம் கோழியிடம் பேசுவது எப்படி? பா பா பா என்று அடுக்கிக் கூப்பிடுகிறோம். தாய்க்கோழி இரைக்கு அழைப்பதும் இப்படித்தான்: தணிந்த சுருதி, சின்னச் சின்ன வெட்டு, இடைவிடாத அடுக்கு. யார் முதலில் கூப்பிட்டார்களோ தெரியாது, காதுள்ள ஒருவர் கோழியிடமிருந்தே எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் கட்டாயம் கொடுக்க வேண்டும்; முறத்தில் ஒரு பிடி கம்போ சோளமோ இல்லாமல் வெறுமனே கூப்பிட்டால், ஏமாற்றுக்காரச் சாவலுக்கு நேர்ந்த கதிதான் நமக்கும். கிட்டே போகும்போது மேலிருந்து கை வரக் கூடாது, மேலிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்து. பக்கவாட்டில் போய்க் குந்தி உட்கார வேண்டும். பிடிக்க வேண்டுமானால் பொழுது சாய்ந்து கொடாப்புக் கூட்டில் அடைந்த பிறகு பிடிக்கலாம், இருட்டில் கோழி அடங்கிவிடும். வாங்கி வந்த குஞ்சைத் தாய்க்கோழியிடம் சேர்ப்பதும் இருட்டில்தான்: இறக்கைக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டால், விடிந்ததும் அவற்றையும் தன் குஞ்சென்று கூட்டிக்கொண்டு போகும்.

குஞ்சுகளுக்குக் கரையானைப் போல ருசி வேறில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாவற்றையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் செம்மண் தரையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் எடுத்துத் தட்டினால் கரையான் கொட்டும். பானை கல்லில் மோதும் சத்தம் கேட்டாலே குஞ்சுகள் தாயை முந்திக்கொண்டு ஓடிவரும்.

நோயையும் காதுதான் முதலில் பிடிக்கிறது. இருட்டிய பிறகு கொடாப்பின் பக்கத்தில் சற்று நின்றால், சளி பிடித்த கோழியின் குறட்டை தனியாகத் தெரியும். பகல் இரைச்சலில் அது தெரியாது. வழக்கமாக வாய் ஓயாத கோழி காலையில் ஊமையாய்க் கூம்பி நின்றால் வெள்ளைக்கழிச்சலை நினைத்துப் பயப்பட வேண்டும். இந்தியாவில் 1920களில் இமயமலை ராணிகேத் ஊரில் அடையாளம் கண்டதால் ராணிக்கெட் என்றும் பெயர் பெற்ற நோய் அது. ஒரு கொடாப்பையே ஒரு வாரத்தில் காலி செய்துவிடும். காது எவ்வளவு கூர்மையானாலும் அதற்கு முன் நிற்க முடியாது. கால்நடை மருந்தகம் போடும் தடுப்பூசியைத் தவறவிடவே கூடாது.

இதே கொங்குச் சீமைதான் கறிக்கோழிக்கும் முட்டைக்கும் நாட்டுக்கே பேர் போனது. உடுமலையில் 1984இல் தொடங்கிய சுகுணாவும், பல்லடத்துக் கொட்டகைகளும், நாமக்கல் முட்டைப் பண்ணைகளும் எத்தனையோ விவசாயக் குடும்பங்களை வறட்சியில் காப்பாற்றியிருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கொட்டகைக்காரர்களுக்கும் காது உண்டு. நள்ளிரவில் குஞ்சுகளின் கத்தல் கூர்மையாகி இறங்கினால் குளிர், எல்லாம் விளக்கடியில் நெருங்குகிறது என்று கட்டிலில் கிடந்தபடியே தெரிந்துகொண்டு எழுந்து போவார்கள். ஆனால் கருவியில் பொரிந்த அந்தக் குஞ்சு தாயின் குரலைக் கேட்டதே இல்லை. ஏறத்தாழ நாற்பது நாளில் எடைபோடப்படும் பிராய்லர் கோழிக்குக் கூவும் வயதோ கேறும் வயதோ வருவதே இல்லை. நாமக்கல் முட்டைக்கோழிக்கு அவயத்துக்கு உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அங்கே பேசக் கற்றுத் தரும் தாயும் இல்லை, கேட்டுப் பழகும் அவகாசமும் இல்லை. கோவை நகரத்து மாடிகளில் நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பொரிப்பகத்துக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்காதீர்கள். குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழியை வாங்குங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. குஞ்சுக்கும் அவள்தான் வாத்தியார், உங்களுக்கும் அவள்தான் வாத்தியார்.

அவளைத் தொடர்ந்து கேட்டு வந்தால் இரண்டு மாதம் போலக் கழிந்ததும் ஒரு மாற்றம் தெரியும். குக், குக் என்ற அழைப்பு குறைந்துவிடும். இரையைக் கொத்திக் கீழே போட மாட்டாள், தானே விழுங்குவாள். பக்கத்தில் வரும் குஞ்சுக்குத் தலையில் ஒரு கொத்து விழும். பாவம் என்று குறுக்கே போகக் கூடாது, அது பிரித்துவிடும் காலம். கொஞ்ச நாளில் வெளுத்திருந்த கொண்டை மறுபடி சிவக்கும். ஒரு காலையில் இழுத்து இழுத்து முனகிக்கொண்டு மூலை மூலையாக இடம் தேடுவாள். அன்றைக்கு அடுப்பு வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். எந்தப் புதருக்குள் நுழைகிறாள் என்று பின்னாலேயே போய்ப் பார்க்காவிட்டால் முதல் முட்டை கீரிக்குத்தான்.