யாருக்கு எழுதிய பத்தியம்?

வலிப்பு வந்த பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பழங்காலத்தில் எழுதப்பட்டவற்றில் பேர்போனது கேலன் எழுதிய கடிதம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, ரோமாபுரி. கேசிலியானுஸ் என்பவரின் மகனுக்கு வலிப்பு. தகப்பன் கேட்டதற்காக கேலன் எழுதிக் கொடுத்தார். கடுங்குளிர், கடும் வெயில், பெருங்காற்று ஆகாது. கண்விழிப்பு, கோபம், அலுப்பு ஆகாது. காலையில் நடை, பிறகு படிப்பு, அளவான உடற்பயிற்சி. சாப்பாட்டில் எது சேரும், எது சேராது என்று ஒரு நீண்ட பட்டியல். மருந்து, கடல் வெங்காயம். நம் மணற்பாங்கான கடற்கரைப் பக்கம் முளைக்கிற நரிவெங்காயம் அதன் பங்காளி. அதை நறுக்கி, தேன் இருந்த சாடியில் போட்டு, வாயை மூடி, நாற்பது நாள் வெயிலில் வைத்து, இறங்கிய சாற்றைத் தேனில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்.

நல்ல கடிதம்தான். சாமி குத்தம், பேய் பிடித்தது என்ற பேச்சே அதில் கிடையாது. அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டே கேட்கிறேன்: இந்தப் பத்தியம் யாருக்கு? பசித்தால் தட்டில் வந்து விழுகிற பையனுக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போக ஆள் இருக்கிற பையனுக்கு. அந்தக் கால ரோமாபுரியில் அப்படிக் கூடப் போகிற ஆள் பெரும்பாலும் அடிமை. சரி, அந்த அடிமைக்கு வலிப்பு வந்தால்?

அதற்கும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். மருத்துவ நூலில் இல்லை, சட்டத்தில். பாபிலோனில் ஹம்முராபி சட்டத்தின் 278ஆம் பிரிவு, வாங்கிய அடிமைக்கு ஒரு மாதத்துக்குள் 'பென்னு' கண்டால் விற்றவனிடமே திருப்பிக் கொடு, கொடுத்த வெள்ளியை வாங்கிக்கொள் என்கிறது. பென்னு என்பது வலிப்புதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பிளேட்டோ தன்னுடைய 'சட்டங்கள்' நூலில் இந்த நோய்க்கு ஒரு வருசம் தவணை கொடுக்கிறார். ஆண்டை மகனுக்குப் பத்தியம், அடிமைக்கு வாபஸ். மாடு வாங்கிப் பல் பார்க்கிற கதைதான்.

பழங்கதை என்று தள்ள முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்தது. அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்று அதில் எழுதினார்கள். அந்தச் சொல்லை எடுக்க 1999 ஆனது. பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்குச் சட்டமே இருபத்து மூன்று வருசம் கதவைத் திறந்து வைத்திருந்தது.

நம்ம பக்கத்து ஏடு மட்டும் என்ன வாழுது? நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது பாலவாகடத்தை யாரும் பாடமாக வைக்கவில்லை. பின்னால் நானாகத்தான் தேடிப் படித்தேன். மாந்தம், கணம், தோஷம் என்று குழந்தை நோயைப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிற உழைப்பு பெரிது. ஆனால் தோஷம் என்ற சொல்லை ஊருக்குள் அவிழ்த்துப் பாருங்கள். தூரமான பொம்பள நிழல் பட்டுச்சு, குளிக்காம வந்து தொட்டுட்டா, தீட்டு பட்டுச்சு. பிள்ளை வெட்டி வெட்டி இழுக்கிறது. பழி ஒரு பெண்ணின் நிழல்மேல். தீட்டை நோய்க்குக் காரணமாக்கிய மருத்துவம், தீட்டு என்று ஒதுக்கப்பட்டவனுக்கு எப்படி மருந்து சொல்லும்?

திருவந்திபுரத்தில் தேவநாதசாமி கோயிலுக்கு எதிரே இருக்கிற குன்றுக்குப் பேர் ஔஷதகிரி. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டாம். மருந்து மலை. கோயிலுக்குள் நம்மவர் போகலாம் என்று சென்னை மாகாணத்தில் பொதுவாகச் சட்டம் வந்ததே 1947இல்தான். அதுவரைக்கும் அந்த மருந்து யாருக்கு விழுந்தது?

இன்னொரு பழியும் எங்கள்மேல் உண்டு. 'பன்னிக்கறி தின்றவனுக்கு இழுப்பு வரும்.' பாதி உண்மையை வைத்து முழுச் சாதியையும் திட்டுகிற பேச்சு இது. சரியாக வேகாத கறியால் குடலில் நாடாப்புழு வரலாம். ஆனால் மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பைக் கொண்டுவருவது அந்தப் புழுவின் முட்டை. முட்டை வருவது மனித மலத்திலிருந்து. தண்ணீர், கை, பச்சைக் காய்கறி வழியாக. கறியே தொடாத சைவக்காரனுக்கும் வரும். மலத்தை மண்ணிலும் தண்ணீரிலும் விட்டது ஊர். அள்ளச் சொன்னது எங்களை. நோய்க்குப் பழி எங்கள் தட்டுமேல்.

இனி இன்றைய சீட்டுக்கு வருவோம். என் சித்தப்பா மகனுக்குப் பதினாலு வயசில் இழுப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசியில் உட்கார வைத்தார்கள், பிறகு 'சரியானதும் வரட்டும்' என்றார்கள். அவன் போகவே இல்லை. மருத்துவர் நல்லவர். மாத்திரை எழுதினார். கூடவே சொன்னார்: வேளாவேளைக்குச் சாப்பிடணும், ராத்திரி கண் முழிக்கக் கூடாது, நெருப்பு, தண்ணி, உயரம் பக்கம் போகக் கூடாது. சித்தி வெளியே வந்து சொன்னாள்: "மூணு வேளை மாத்திரை எழுதுனவரு மூணு வேளை சோத்தையும் எழுதிக் குடுத்திருக்கலாம்ல?"

எனக்குத் தெரிந்து கேலன்மேல் வைக்கப்பட்ட கூர்மையான விமர்சனம் இதுதான். எங்கள் பக்கம் இருக்கிற வேலை என்ன? கொடுவாளோடு கரும்பு வெட்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கிற அடுப்பு. குளிக்கக் கெடிலம், இறைக்கக் கிணறு. நெருப்பும் தண்ணியும் கூடாதென்றால் கூலியும் கூடாது என்றே பொருள். சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பினோபார்பிட்டால் 1912 முதல் இருக்கிறது, விலையும் மலிவு. மருந்து உண்டு, அறிவுரையும் உண்டு. அறிவுரை எழுதுகிறவன் கண்ணில் சேரிப்பிள்ளைதான் இல்லை.

கேலனே இன்னொரு நூலில் ஒரு விசயத்தைப் பதிவு செய்திருக்கிறார். வலிப்பு வரும்போது என்ன ஆகிறது என்று பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைக் கேட்டார்களாம். கெண்டைக்காலில் தொடங்கி, தொடை, விலா, கழுத்து என்று ஏறித் தலைக்குப் போகிறது, அதற்குமேல் தெரியாது என்றான். ஏறுவது எப்படிப்பட்டது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வேறொரு இளைஞன் சொன்னான்: குளிர்ந்த காற்று மாதிரி. கிரேக்கத்தில் 'ஆரா'. இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவர்கள் வலிப்புக்கு முன்வரும் உணர்வை அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். கேசிலியானுஸ் பேர் நிற்கிறது. சொல்லைக் கொடுத்த பையன் பேர் கிடையாது.

சாட்சியம் என்றால் இதுதான். விழுந்தவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு இத்தனை ஆயுசு. அடி, உதை, கொலை பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது, எழுதத்தான் வேண்டும். நோய்பட்ட உடம்பைப் பற்றிய எழுத்து குறைவு. வலிப்பு வருகிறதென்று மறைத்துக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணும், அடுப்பில் விழுந்து கை வெந்தவனும் பேச வேண்டும். அறிவுரை அங்கிருந்து தொடங்கட்டும்.

அதுவரை தெருவில் எல்லாரும் தெரிந்துகொள்ள இவ்வளவு: கையில் சாவியும் இரும்பும் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். ஐந்து நிமிசத்துக்குமேல் இழுத்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். வாத்தியார் கேட்டால் கூடப் போய் நில்லுங்கள்.