ஏற்றுவது வேறு, திறப்பது வேறு

2003இல் வந்த ஜாவா நிறுவனத் தளமான ஜே2ஈஈ 1.4இல் எனக்கு மிகவும் பிடித்தது ஜேஎஸ்ஆர் 88 என்ற சின்ன ஏபிஐ. அதற்கு முன், இயர் என்ற ஒரே கோப்பாகக் கட்டிய நிறுவன அப்ளிகேஷனைச் சர்வரில் ஏற்ற சர்வருக்கொரு வழி இருந்தது. வெப்லாஜிக் சர்வருக்கு எழுதிய ஸ்கிரிப்ட் வெப்ஸ்பியர் சர்வரில் செல்லாது. எல்லாச் சர்வருக்கும் பொதுவாக ஏற்றும் வழியைத் தந்தது ஜேஎஸ்ஆர் 88.

இதில் நான் ரசிப்பது ஒரு பிரிவினையை. டிஸ்ட்ரிபியூட் என்று அழைத்தால் கோப்பு சர்வரில் போய்ச் சேரும், ஆனால் ஓடாது. ஸ்டார்ட் என்று தனியே சொன்ன பிறகுதான் பயனர்களுக்குத் திறக்கும். சமைத்து மூடி வைத்துவிட்டு, பந்தி அமர்ந்தபின் பரிமாறுகிற பக்குவம் இது. அழைப்பும் வேலை முடியும்வரை நம்மைக் கட்டிப்போடாது. ப்ராக்ரஸ் ஆப்ஜெக்ட் ஒன்றைக் கையில் கொடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிறதா, முடிந்ததா, தோற்றதா என்று அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். நள்ளிரவில் ரிலீஸ் செய்பவர்களுக்குத் தெரியும் இதன் அருமை!

ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் உரிய தனி அமைப்புகளை ஜேஎஸ்ஆர் 88ஆல் ஒன்றாக்க முடியவில்லை. 2013இல் அதே தளத்தின் பிந்தைய பதிப்பான ஜாவா ஈஈ 7 இந்த ஏபிஐயைக் கட்டாயமில்லை என்று ஒதுக்கியது. ஆனாலும் ஏற்றுவதையும் திறப்பதையும் இரண்டு வேலைகளாகப் பார்த்தது மிகச் சரியான முடிவு.