பல்லாவரத்துப் பங்களாக்கள்: கூரையும் குறையும்

தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், வண்டலூர் பக்கம் போனால் சாலையோரமெங்கும் 'வில்லா' விளம்பரப் பலகைகள். படத்திலுள்ள வீட்டுக்கு முக்கோண முகப்பு, சுவரிலிருந்து பிதுங்கி நிற்கும் மூன்று பக்கக் கண்ணாடி ஜன்னல், வாசலில் இரண்டு உருண்டைத் தூண்கள். இந்த முகம் விக்டோரியா காலத்து பிரிட்டனைச் சேர்ந்தது. எடுத்துக்காட்டாக, சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்தெடுத்த வில்லியம் மில்லர் பிறந்த தர்சோ, ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரை ஊர். நிலநடுக்கோட்டுக்கு 58 பாகைக்கும் வடக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழுவதில்லை. கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தை மூன்று பக்கத்திலிருந்தும் உள்ளே வாங்கத்தான் அந்த ஜன்னல். மழையும் பனியும் வழிய ஸ்லேட் வேய்ந்த சரிவுக் கூரை. கணப்பின் சூடு கலையாமலிருக்கச் சிறிய அறைகள். அந்த ஊருக்கு அது அறிவான வீடு. சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும் தாம்பரத்தில், மேற்கு பார்த்த அதே ஜன்னல் படுக்கையறையை அடுப்பாக்கிவிடும்.

இங்கே வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு இது புரிந்திருந்தது. பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட்டில் 'வெட்டரன் லைன்ஸ்' என்ற பகுதியில் இன்றும் சில பழைய பங்களாக்கள் நிற்கின்றன. ஓய்வுபெற்ற சிப்பாய்கள் குடியிருந்த, பின்னர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்கள் அவை. சுற்றிலும் தோட்டம், தரையிலிருந்து உயர்த்திய மேடை, முன்னால் தூண்கள் தாங்கிய வராந்தா, உயரமான அறைகள். இவற்றை ஐரோப்பியக் கட்டடக்கலை என்று சொல்லிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. தூணின் தலைப்பகுதி ஐரோப்பாவுடையது. வீட்டைக் குளிர்வித்த எல்லாமே நம் கொத்தனார்களின் கையிலிருந்து வந்தது.

முதலில் கூரை. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற அந்தத் தளத்தை விளக்கியே ஆகவேண்டும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்களை நெருக்கமாகக் கிடத்துவார்கள். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கவைக்காமல், விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புக் காரை கொண்டு கோப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனமான அடுக்கு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அதைத் தட்டுவார்கள். கட்டையின் தடம் பதியாத அளவுக்குத் தளம் இறுகிய பிறகுதான் தட்டோடு பதிப்பார்கள். வெயில் இத்தனை அடுக்கையும் கடந்து அறைக்குள் இறங்குவதற்குள் மாலையாகிவிடும். இந்த அட்சரேகையில் வீட்டின்மேல் விழும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் வருகிறது. ஆகவே இந்தக் கூரையை அந்த வீடுகளின் தலையாய சாதனை என்பேன்.

அடுத்தது வராந்தா. சுவரில் வெயில் படாமலே தடுப்பதற்கும், பட்ட பிறகு சூட்டோடு போராடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வராந்தா முதல் வேலையைச் செய்கிறது. மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். சாய்பலகைக் கதவுகள் வெளிச்சத்தை வடித்துக் காற்றை மட்டும் விடும். ஈரப்பதம் மிகுந்த நம் கடலோரத்தில் உடம்புக்கு வேண்டியது காற்றோட்டம்.

இனி குறைகள். அவற்றை மறைத்துப் பழைமையைப் போற்றுவோர் மீது எனக்கு வருத்தம் உண்டு. பகலில் சூட்டைத் தடுக்கும் கனத்த சுவர், வாங்கிய சூட்டை இரவில்தான் விடும்; காற்று நின்றுபோன இரவுகளில் மனிதர்கள் வராந்தாவில்தான் படுத்தார்கள். அகலமான வராந்தாவுக்குப் பின்னால் இருக்கும் நடு அறை பட்டப்பகலிலும் இருட்டு. தளத்தில் ஒரு விரிசல் விழுந்தால் ஐப்பசி மழை உத்தரத்தின் முனைக்கு இறங்கும். ஈரம் கண்ட முனைக்குக் கரையான் வரும். இவற்றைவிடப் பெரிய குறை, வீட்டுச் சுகம் மனித உழைப்பின்மேல் நின்றது என்பது. பங்கா இழுக்க ஓர் ஆள், வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள், கிணற்றடியிலிருந்து தண்ணீர் சுமக்க இன்னோர் ஆள். சமையலறையும் வேலைக்காரர் குடிலும் பின்னால் தனியே. அந்தக் குடில்களுக்கு வராந்தா கிடைத்ததா, மெட்ராஸ் டெரஸ் கிடைத்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். நிலத்தையும் பங்களா தாராளமாக விழுங்கியது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின் வளர்ந்து, இன்று மாநகராட்சியாகிவிட்ட ஊரில் வீட்டுக்கு ஓர் ஏக்கர் தோட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் அந்த மரபு அங்கேயே முடிந்ததா என்றால் இல்லை. குரோம்பேட்டை, சேலையூர், செம்பாக்கம் தெருக்களில் சற்றுப் பழைய கான்கிரீட் வீட்டின் மாடியில் ஏறிப் பாருங்கள்: கான்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதன்மேல் தட்டோடு. தேக்கு போய்க் கம்பி வந்தது. மேலடுக்கு அப்படியே பிழைத்தது. பங்களாவிலிருந்து நடுத்தரக் குடும்பத்துக்கு இறங்கிவந்த மெய்யான கொடை இதுதான். யாரும் இதைப் பாரம்பரியம் என்று அழைப்பதில்லை.

இன்றைய வில்லா இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. தூணை எடுத்துக்கொள்கிறது; தூணுக்குப் பின்னாலிருந்த எட்டடி நிழலை விட்டுவிடுகிறது. பழைய மேடைக்கும் இதே கதி. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தபோது, நீர் போகும் தாழ்நிலத்தில் வீடு கட்டியதன் விலை தெரிந்தது. பல்லாவரத்துப் பங்களாக்கள் குன்றடி மேட்டில், மேடைக்கு மேல் நின்றன.

முகத்தின் மயக்கம் அன்றும் இல்லாமலில்லை. 1790களின் பிற்பகுதியில் அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அதிகாரி, ஸ்காட்லாந்தில் தம் குடும்பக் கோட்டையின் பெயரை வைத்துக் கோபுரங்களோடு ஒரு மாளிகை எழுப்பினார். இன்று அங்கே அரசு இசைக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் அதுகூடத் தோட்ட நிழலையும் ஆற்றுக்காற்றையும் நம்பி அமைந்த வீடு. கோட்டை முகம் அதன்மேல் வைத்த அலங்காரம்தான்.

எஞ்சியிருக்கும் வீடுகளைக் காப்பதிலும் முகத்தையே பார்க்கிறோம். கன்டோன்மென்ட் விதிகள் இடிப்பதையும் உயர்த்திக் கட்டுவதையும் கட்டுப்படுத்துவதால்தான் வெட்டரன் லைன்ஸ் ஓரளவு தப்பியது. உள்ளே நடக்கும் பழுதுபார்ப்பு வேறு கதை. ஒழுகும் தளத்தின்மேல் சிமென்ட், உப்புப் பூத்த சுவரின்மேல் சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையுடையது. சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைக்க, ஈரம் உள்ளேயே தங்கி, சில மழைக்காலங்களில் செங்கல்லை உதிர்த்துவிடும். சுண்ணாம்பு அரைக்கவும் தளம் தட்டவும் தெரிந்த கொத்தனார்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். முகப்புக்கு வெள்ளையடிக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அவர்களிடம் இளைஞர்கள் தொழில் பழகக் கூலியாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கை இருந்தால் பங்களாவின் கூரையையும் காப்பாற்றலாம், சேலையூர் மாடி வீட்டின் கூரையையும் காப்பாற்றலாம்.