கைக்கு எட்டிய நூலும் வாய்க்கு எட்டாத உரையும்

நூலுக்கு மூலம் என்றும் உரை என்றும் இரு நிலை உண்டென்பதைத் தமிழ் கற்பிப்போர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. சூத்திரம் சுருங்கி நிற்கும். அதன் பொருளை உரையாசிரியர் விரித்துக் காட்டுவார். உரைகள் தோன்றாதிருந்தால் தொல்காப்பியத்தின் பல பகுதிகள் இன்று நமக்குப் பூட்டிய பெட்டகமாகவே இருந்திருக்கும். இலக்கண நூலுக்குப் பொருந்தும் இவ்வளவுகோலை மருத்துவ நூல் ஒன்றுக்கு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நூல், காசநோய்ச் சிகிச்சைக்கான வழிகாட்டி நூல்.

இந்நோய் பழங்கதையாகிவிட்டது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். மலேசியாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 26,000 பேருக்கு மேல் காசநோய் கண்டவராகப் பதிவாயினர். ஆகவே, இந்நூலைப் பற்றிய பேச்சு ஏட்டுப் பேச்சு அன்று.

முதலில் நிறையைக் கூறுவோம். உலகச் சுகாதார நிறுவனம் முன்னர்ப் பல நூல்களாகச் சிதறிக் கிடந்த தன் பரிந்துரைகளை 2020-ஆம் ஆண்டு முதல் தடுப்பு, நோய் தேடல், நோயறிதல், சிகிச்சை, சிறார், உடன்நோய்கள் என ஆறு பகுதிகளாக வகுத்து வெளியிட்டு வருகிறது. பரிந்துரை நூலுக்குத் துணையாகச் செயல்முறைக் கைநூலும் உண்டு. மூலமும் உரையும் இணைந்து வருவது போன்ற அமைப்பு இது. 2021-இல் இவற்றையெல்லாம் இணையத்தில் ஓரிடத்தில் தொகுத்துக் கைப்பேசியிலும் படிக்குமாறு செய்தனர். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு பரிந்துரையையும் தனித்தனியே தேடிக் காணும் வகையில் அட்டவணைப்படுத்தியுள்ளனர். நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் 2012-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பைத் திருத்தி, மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கான நான்காம் பதிப்பை 2021-இல் வெளியிட்டது. அதனைப் பொருள் கொடாமலேயே இணையத்தில் பெறலாம். ஈப்போவின் பெரிய மருத்துவமனை மருத்துவரும், சுங்கை சிப்புட்டின் சிறு கிளினிக் மருத்துவரும் ஒரே நூலை ஒரே நேரத்தில் காண முடிகிறது. இது சிறிய பேறு அன்று.

எனினும், நூல் யார் கைக்கு எட்டியது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அது மருத்துவர் கைக்கு எட்டியது. நோயாளியின் வீட்டுக்கு எட்டவில்லை.

மருத்துவ நூல் மருத்துவர்க்கே உரியது. வீட்டாருக்கு அஃது எதற்கு என்று சிலர் கேட்பர். நோயாளியை மலைக்காற்றுச் சானடோரியத்தில் வைத்துப் பேணிய காலத்தில் இக்கேள்வி பொருந்தும். அந்நிலையை மாற்றியது தமிழகமே. 1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கிற்று. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முதலானோர் 193 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைச் சானடோரியத்திலும் மற்றொரு கூற்றாரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை மக்கள். உணவும் ஓய்வும் குறைந்தவர். ஆயினும் குணமடைவதில் அவர் பெரிதும் பின்தங்கவில்லை. அவரால் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது. அன்று முதல் காசநோய்ச் சிகிச்சையின் பெரும்பகுதி அடுப்பங்கரைக்கு அருகில்தான் நடைபெறுகிறது. நாள்தோறும் மருந்தை நினைவூட்டுவோர் தாயும் மனைவியும் மக்களுமே. தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குள் மெய்ப்பிக்கப்பட்ட ஒரு முறையின் நூல், தமிழ் வீட்டார் படித்தறியும் நிலையில் இல்லாதிருப்பது முரண் அன்றோ?

இனி, நூலின் நடைக்கு வருவோம். சிகிச்சையின் உயிர்நாடியான பரிந்துரை அங்கே '2 எச் ஆர் இசட் இ, 4 எச் ஆர்' என்னும் குறியீட்டு வடிவில் நிற்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு மருந்தைக் குறிக்கும். எண் மாதத்தைக் குறிக்கும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் இரண்டு மாதம். பின்னர் முதலிரண்டு மட்டும் நான்கு மாதம். ஆக ஆறு மாதம் என்பது பொருள். எந்தச் சூத்திரமும் இதனினும் சுருங்க இயலாது. உரை அறியாதவர் இவ்வெண்ணை மாத்திரையின் எண்ணிக்கையென மயங்கவும் கூடும்.

சுருக்கம் மட்டுமன்று, வினைமுற்றும் இங்கே கருதத்தக்கது. ஆறு மாதச் சிகிச்சையை உலக நிறுவனம் உறுதியான பரிந்துரையாகக் கூறுகிறது. அதனை 'வேண்டும்' என்றே தமிழில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு ரிஃபாபென்டின், மாக்சிஃபிளாக்சசின் ஆகியவை சேர்ந்த நான்கு மாத முறையையும் கூறுகிறது. அது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை, எனவே 'லாம்' என்னும் ஈற்றுக்கே உரியது. மூன்று மாதம் முதல் பதினாறு வயது வரையுள்ள சிறார்க்கு, நோய் கடுமையாக இல்லாதபோது, நான்கு மாதச் சிகிச்சை போதும் என்பதோ மீண்டும் உறுதியான பரிந்துரை. 'வேண்டும்' என்பதை 'லாம்' ஆக்கினால் நோயாளி பாதியில் நிறுத்துவார். 'லாம்' என்பதை 'வேண்டும்' ஆக்கினால் கிடைக்காத மருந்துக்கு ஏங்குவார். பொறியால் மொழிபெயர்த்து ஒட்டிவிடும் வேலை இஃதன்று. மொழியறிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது பாடபேதம். மின்வடிவத்தின் தனிச்சிறப்பு, மூலத்தை ஓரிடத்தில் திருத்தினால் அங்கே வந்து படிப்போர் அனைவரும் திருந்திய பாடத்தையே காண்பது. ஆனால், நம் மக்கள் மூலத்துக்குச் செல்வதில்லை. கைப்பேசியில் வந்து விழும் படங்களையே படிக்கின்றனர். மருந்தை வாரத்துக்கு மூன்று நாள் உண்ணும் முறை இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிற்று. 2017-ஆம் ஆண்டில் உலக நிறுவனம் அதனை விலக்கி, நாள்தோறும் உண்பதே முறை என்றது. இந்தியாவும் அவ்வாண்டே மாறிற்று. அதற்கு முந்திய தமிழ்த் துண்டறிக்கை ஒன்று படமாகி இங்கு வந்து சேருமாயின், அதில் ஆண்டும் இராது, பதிப்பும் இராது. படிப்பவர் எதைக்கொண்டு தெளிவார்? ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு நல்ல பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர் மரபில் வந்தவர்க்கு இதன் கேடு எளிதில் விளங்கும்.

நோயின் பெயரிலும் மயக்கம் உண்டு. மலாய் வழக்கில் இதற்குள்ள பெயர் 'வறட்டிருமல்' என்று பொருள்படும். சளியோடு இருமுபவர் தமக்கு அந்நோய் இல்லையென்று இருந்துவிடக்கூடும். நம் முதியோர் 'எலும்புருக்கி' என்பர்; உடல் உருகும்வரை காத்திருக்க அப்பெயரே இடம் தருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலே சோதனைக்குப் போதிய காரணம் என்பதை எப்பெயரும் சொல்லவில்லை. உரைதான் சொல்ல வேண்டும்.

முன்னாளில் தோட்டங்களில் அவ்வுரையைச் சொல்ல ஒருவர் இருந்தார். அவரே தோட்டத்து டிரெசர். பெரட்டு முடிந்து பால் வெட்டச் செல்வோர்க்கும், லயத்தில் படுத்திருப்போர்க்கும், மருந்தின் பெயரையும் வேளையையும் அவர் தமிழில் வாயாரச் சொன்னார். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். டிரெசர் உடன் வரவில்லை, கைப்பேசி வந்தது. நூல் நெருங்கிற்று, உரையாசிரியர் அகன்றார்.

ஆகவே, வேண்டுவது தமிழுரை. எவ்வளவு மருந்து என்பதை நோயாளியின் எடை பார்த்து மருத்துவரே முடிவு செய்வார். அதில் உரை தலையிடலாகாது. வீட்டார் அறிய வேண்டியவற்றை அது விளக்கட்டும். ரிஃபாம்பிசின் உண்போர்க்குச் சிறுநீர் செம்மஞ்சளாகும். அஞ்சி மருந்தை நிறுத்தற்க. கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்க. சில வாரங்களில் இருமல் தணிந்து உடல் தேறும். அப்போது நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். இத்தகைய பத்துப் பன்னிரண்டு செய்திகளே போதும்.

அவ்வுரை படமாக இராமல், தேடக்கூடிய எழுத்தாக இருத்தல் வேண்டும். எந்தப் பதிப்பைத் தழுவியது, எந்த ஆண்டு எழுதியது என்பன தலைப்பிலேயே நிற்றல் வேண்டும். எழுத்தறியாத முதியோர்க்கு ஒலிவடிவிலும் வேண்டும். மருத்துவர் பொருளைச் சரிபார்க்க, தமிழாசிரியர் சொல்லைச் சரிபார்க்க, இருவர் பெயரும் அதில் விளங்குதல் வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கொண்டு செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற விதிக்கு இதனினும் பயனுள்ள களம் அரிது.

மின்வடிவம் நூலைக் கைக்கு எட்டச் செய்துவிட்டது. அதனை ஆக்கியோர்க்கு நன்றி கூறுவோம். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டச் செய்யும் பொறுப்பில் ஒரு பாதி, தமிழ் கற்பிக்கும் நம்முடையது.