குளிர்ந்த எஞ்சினில் கை வையுங்கள்

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலை பேசப் போகிறீர்களா? விற்பவருக்கு வணக்கம் சொன்ன கையோடு சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வந்து சேர்வதற்குள் யாரோ அதை ஒருமுறை கிளப்பி ஓடவிட்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது, எந்தச் சத்தம் முதலில் வந்து எது பிறகு அடங்குகிறது என்பதையெல்லாம் பார்க்கும் வாய்ப்பு அன்றைக்குப் போய்விட்டது. இன்னொரு நாள் வருகிறேன், அதுவரை கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

நான் மிலானுக்கு வேலைக்கு வந்த புதிதில் இதைக் கற்றுக்கொண்டேன். வடக்கு இத்தாலியில் பல வருடம் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு லெக்கோ பக்கம் போயிருந்தேன். கராஜுக்குள் 1976-ஆம் வருட மோட்டோ குட்சி லெ மான். ரத்தச் சிவப்பு. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். "தம்பி, முதல் கையை வைச்சுப் பாரும்." வைத்தேன். சுட்டது. "சரி, ஒரு கோப்பியைக் குடிச்சிட்டுப் போவம்" என்றார். அவ்வளவுதான்.

அன்று எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்ததில் ஒன்று விளங்கியது. இந்த வண்டிகளைப் பொறுத்தவரை ரசிப்பதும் சோதிப்பதும் ஒரே வேலை. எந்தச் சத்தத்துக்காக ஒருவன் இவற்றை விரும்புகிறானோ, அந்தச் சத்தமே எஞ்சினின் உடல்நிலையையும் சொல்கிறது. காது பழகாமல் வாங்கினால் பணமும் போகும், சந்தோஷமும் கிடைக்காது.

குட்சியை வைத்தே சொல்கிறேன், எனக்கு அதுதான் நன்றாகத் தெரியும். கோமோ ஏரியின் லெக்கோ பக்கக் கரையில் மந்தெல்லோ தெல் லாரியோ என்றொரு சிற்றூர். மிலானிலிருந்து ரயிலில் போனால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மலை. 1921-இல் கார்லோ குட்சியும் ஜார்ஜோ பரோதியும் தொடங்கிய நிறுவனம் இந்த ஊரில்தான் வளர்ந்தது. அவர்களோடு சேர்ந்து கனவு கண்ட விமானி ஜொவான்னி ரவெல்லி 1919-இலேயே விமான விபத்தில் இறந்துபோனார். பெட்ரோல் டேங்கில் சிறகு விரித்திருக்கும் கழுகு அவர் நினைவாக வைத்தது. டேங்கைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இளைஞனின் ஞாபகம் வரும்.

வண்டியை முன்னால் நின்று பாருங்கள். இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கமும் தோள் தட்டி நிற்கும் பயில்வான் போலத் துருத்திக்கொண்டிருக்கும். ஜூலியோ சேசரே கர்கானோ வரைந்த இந்த எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கினால் வண்டி முழுவதும் வலப்பக்கம் ஒரு அசைவு அசையும். பம்ப்செட் மோட்டாரைப் போட்டதும் ஒரு உதறு உதறுமே, அதே காரணம்தான். முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவார்கள். அந்த அசைவு ஒரே சீராக, முறுக்கிய அளவுக்கு வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். திக்கித் திக்கி வந்தால் இரண்டு கார்புரேட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. புல்லட் ஓட்டி வளர்ந்த என் கைக்கு இந்த அசைவு பிடிபடச் சில வாரம் ஆனது. இப்போது அது இல்லாத வண்டியில் உட்கார்ந்தால் ஏதோ குறைகிறது.

அடுத்து பக்கவாட்டில், இரண்டு எட்டு தள்ளி நில்லுங்கள். முதலில் வந்த வி7 வண்டிகளில் ஜெனரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில், எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அதனால் பிரேமும் டேங்கும் உயர்ந்து, வண்டி கனத்துத் தெரியும். லினோ தொந்தி 1971-இல் வந்த வி7 ஸ்போர்ட்டுக்காக அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, கிராங்கின் முன்முனையில் ஆல்டர்னேட்டரை வைத்தார். காலியான இடத்தின் வழியாகப் பிரேமின் முதுகெலும்பை நேராக, தாழ்வாகக் கொண்டுபோனார். ஹாண்டில் கழுத்திலிருந்து பின்சக்கரம் வரை கண் தடங்கலின்றி ஓடும் அந்தக் கோடுதான் குட்சியின் அழகு. அது வெறும் அழகுமில்லை. கீழ்க்குழாய்களைக் கழற்றினால் எஞ்சினைத் தரையில் விட்டுவிட்டுப் பிரேமை மேலே தூக்கிவிடலாம். வண்டியைத் தன் கையால் பிரிக்க நினைக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி சாவியைத் திருப்பலாம். ஸ்டார்ட்டர் முனகி, எஞ்சின் பிடித்ததும் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வால்வுகள் தையல் மிஷின் போல மெல்ல டிக் டிக் என்று தட்ட வேண்டும். சத்தமே கேட்காவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே 0.2 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்க வேண்டிய இடைவெளி போய்விட்டது என்று அர்த்தம். வால்வு முழுதாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கலாம். தட்டுகிற வால்வை ஒரு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பீலர் கேஜ் வைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே சரிசெய்யலாம். சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதன் பலன் அது.

புகையைப் பாருங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் 1970-களின் குட்சிகளில் ஒரு குறிப்பிட்ட சந்தேகம் எழ வேண்டும். அந்தக் காலத்துச் சிலிண்டர்களின் உட்சுவருக்குக் குரோம் பூச்சு. பல வருடம் நின்ற வண்டியில் ஈரம் ஏறி அந்தப் பூச்சு உரியத் தொடங்கும். உரிந்த துகள் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்னும். 1975-இல் வந்த 850 டி3 வரைக்கும் பெரிய குட்சிகளில் ஆயில் பில்டரே கிடையாது, வெறும் கம்பிவலைதான்; ஆகவே அதற்கு முந்திய வண்டியென்றால் இன்னும் கவனம். விற்பவரிடம் கேட்டு ஒரு வெள்ளைத் துணியில் பழைய ஆயிலைச் சிந்தி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளிப் பொடி போல மின்னினால் விலையிலிருந்து புதுச் சிலிண்டர், பிஸ்டன் ஜோடியின் காசைக் கழிக்க வேண்டியதுதான். வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. அதே மந்தெல்லோவில் இருக்கும் ஜிலர்தோனி நிறுவனம் நிக்கல் பூச்சு போட்ட சிலிண்டர்களைச் செய்கிறது, அவை நன்றாக உழைக்கும்.

லெ மானா, டி3-யா? என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் லெ மான் மோகத்தில்தான் வருகிறார்கள். அந்த மோகத்தில் பிழையில்லை. சின்ன முகப்பு, 36 மில்லிமீட்டர் தெல்லோர்த்தோ கார்புரேட்டர், அது மூச்சிழுக்கும் சத்தம், எல்லாம் மனதை இழுக்கும். ஆனால் இரண்டும் 844 சி.சி., இரண்டுக்கும் தொந்தியின் பிரேம், இரண்டுக்கும் ஷாப்ட் டிரைவ். டி3-இன் கார்புரேட்டர் சிறியது. அதனால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அது நயமாக ஓடும். உட்கார நிமிர்ந்த இருக்கை. விலையோ லெ மானை விட வெகு குறைவு. முதல் குட்சி வாங்குகிறவருக்கு டி3-தான் என்று அடித்துச் சொல்வேன். விலை வித்தியாசம் இருப்பதாலேயே இன்னொரு சங்கடமும் உண்டு: டி3-க்குச் சிவப்பு அடித்து, முகப்பு மாட்டி லெ மான் என்று நிறுத்திவிடுகிறார்கள். பிரேம் எண்ணைப் பாருங்கள், லெ மான் என்றால் வி.ஈ. என்று தொடங்கும். எஞ்சின் எண்ணும் பிரேம் எண்ணும் ஒன்றாக இல்லையே என்று மட்டும் பதறாதீர்கள், குட்சி தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. இன்னொரு அடையாளம் இருக்கை. முதல் லெ மானின் அச்சில் வார்த்த ரப்பர் நுரை இருக்கை சில வருடத்திலேயே வெடித்துவிடும். வெடிப்பே இல்லாத இருக்கையைக் காட்டி ஒருவர் அசல் என்று சொன்னால், எங்கே வாங்கினீர்கள் என்று மெதுவாகக் கேளுங்கள்.

துகாத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் போலோஞ்ஞாக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். பாபியோ தாலியோனி வரைந்த பெவல் டிரைவ் எஞ்சின்கள் என் கண்ணுக்கு இத்தாலியின் ஆகப் பெரிய அழகு. கிராங்கிலிருந்து கேம் ஷாப்ட் வரை பல்சக்கரமும் செங்குத்துத் தண்டுமாக மேலேறும். டெஸ்மோ வகையில் வால்வைத் திறக்க ஒரு கை, மூட இன்னொரு கை. இழுத்து மூட ஸ்பிரிங்கை நம்பியிருக்கவில்லை. 1972 ஏப்ரலில் இமோலாவில் பால் ஸ்மார்ட்டும் புரூனோ ஸ்பஜாரியும் முதலிரண்டு இடத்தைப் பிடித்தது இந்த எஞ்சினில்தான். இதன் இரைச்சலில் ஒரு கரகரப்பு உண்டு, பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்கும் சத்தம், அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அடியிலிருந்து கனமாக, சுத்தியல் போல ஒரு தட்டு வந்தால் அது கிராங்க் பேரிங். கிராங்கை அழுத்திப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் மெல்லிய தகடு வைத்து இடைவெளி பிடிக்கும் பொறுமை வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் நண்பரின் துகாத்தியைப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். பைபர் கிளாஸ் டேங்க் உள்ள வண்டியென்றால் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த டேங்கை உள்ளிருந்தே இளக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். கையில் காசு குறைவு, வீட்டில் இடமும் குறைவு என்றால் 344 சி.சி. மோட்டோ மொரினி மூன்றரை இருக்கிறது. சின்ன வண்டி, நல்ல வளைவோட்டம். கேம் பெல்ட்டை மாற்றிய தேதி மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது குட்சியின் கியரை அவசரப்படுத்தாதீர்கள். கனத்த பிளைவீல், காரில் இருப்பது போன்ற உலர் கிளட்ச். ஆக்சிலரேட்டரை விட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, காலை அழுத்தினால் கெட்டியாக ஒரு சத்தத்தோடு விழும். அந்த நிதானத்துக்குக் கால் பழகிவிட்டால் அதுவே ஒரு சுகம். பிறகு ஆளில்லாத சாலையில் கால் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். டி3-இலும் லெ மானிலும் அந்த ஒரு பெடல் பின் டிஸ்க்கையும் முன் டிஸ்க்குகளில் ஒன்றையும் சேர்த்துப் பிடிக்கும். வண்டி மூக்கைக் குத்தாமல் முழு உடம்போடு தாழ்ந்தால் பிரேக் சரி. ஷாப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று இறங்கியதும் குனிந்து பாருங்கள்.

பளபளப்புக்கு மயங்குவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. புதுப் பெயின்ட் அடித்து, பழைய போல்ட்டுகளையெல்லாம் எவர்சில்வராக மாற்றி, பத்து வருடம் ஹாலில் நிறுத்தி வைத்த வண்டியை விட, ஹாண்டில் ரப்பர் தேய்ந்து, முழங்கால் உரசிய இடத்தில் டேங்க் மங்கி, வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டராவது ஓடிய வண்டி எவ்வளவோ மேல். ஓடுகிற வண்டியில் ஆயில் சீல் காய்வதில்லை. தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே வயதில் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் 20,000 கிலோமீட்டர் சொல்ல, கால் வைக்கும் ரப்பர் மொட்டையாகியிருந்தால் இரண்டில் ஒன்று பொய். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் காட்டும். அதுவும் ஒரு சாட்சி.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக: இத்தாலியில் பதிவுப் புத்தகம் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பழைய வண்டிகளுக்கான பதிவேடுகளில் ஒன்றின் சான்றிதழ் இருந்தால் நல்லது. 30 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி மிகக் குறைவு. சென்னைக்கோ கோவைக்கோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இறக்குமதி விதிகளைக் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் மனம் ஊசலாடினால், சனிக்கிழமைகளை நினைத்துப் பாருங்கள். கை கறுத்து, ஒரு நட்டைத் தேடித் தரையில் குந்தியிருக்கும் பொழுது உங்களுக்கு இனிக்கிறதா? இனித்தால் வாங்குங்கள். ஓட்ட மட்டும்தான் ஆசை, மற்றதெல்லாம் மெக்கானிக் பாடு என்றால் புது வண்டி வாங்குங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

எனக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு கறுப்பு டி3. விற்றவர் எழுபதைத் தாண்டியவர். நான் போன காலையில் எஞ்சின் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீதுகளை எடுத்து மேசையில் கொட்டினார். 1980-களில் மாற்றிய கிளட்ச் கம்பிக்குக்கூட ரசீது இருந்தது. அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆயில்களை மாற்றினோம். குட்சிக்கு மூன்று: எஞ்சினுக்கு, கியர் பெட்டிக்கு முக்கால் லிட்டர், பின்சக்கர டிரைவுக்குக் கால் லிட்டர். அந்தக் கால் லிட்டரைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் பின்பக்கத்து டிரெயின் பிளக்கைக் கழற்றினார். தேன் நிறத்தில், துகள் ஒன்றில்லாமல் வடிந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மனுசன் இதையும் மறக்கேல்லை" என்றார்.