ஒரு யூரோவுக்குக் கைமாறிய எம்.வி. அகுஸ்தா

ஷா ஆலமின் புரோட்டோன் என்றதும் சாகா கார்தான் நினைவுக்கு வரும். இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா மோட்டார்சைக்கிளுக்கும் அந்நிறுவனம் ஓராண்டு சொந்தக்காரராக இருந்தது பலருக்கு மறந்துவிட்டது.

பந்தய வீரர் ஜியாகோமோ அகோஸ்தினி தம் 15 உலகப் பட்டங்களில் 13-ஐ வென்றது இந்த வண்டிகளில்தான். பிறகு தொழிற்சாலை ஓய்ந்தது. பெயரை வாங்கி மறுவாழ்வு கொடுத்தது காஸ்திலியோனி குடும்பத்தின் கஜிவா. 1997-இல் மிலான் கண்காட்சியில் எஃப்4 என்ற புது வண்டி வந்து நின்றது. டுகாட்டி 916-ஐ வடிவமைத்த மாசிமோ தம்புரினியின் கைவண்ணம். இருக்கைக்கு அடியில் நாதஸ்வரங்களை அடுக்கியதுபோல் நான்கு புகைக்குழாய்கள்; பின்சக்கரத்தை ஒற்றைக் கை தாங்குவதால் மறுபக்கம் சக்கரம் முழுசாகத் தெரியும். நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்படியொரு வண்டி.

ஆனால் அழகு நிறுவனத்தின் கடனை அடைக்குமா?

2004 டிசம்பரில் புரோட்டோன் 7 கோடி யூரோ கொடுத்து 57.75 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. மறு டிசம்பரில் விற்றது, 1 யூரோவுக்கு! அன்றைய மதிப்பில் ஐந்து ரிங்கிட்கூட இல்லை. கடன்சுமையும் சேர்ந்தே போனது என்பது கணக்கர்களின் சமாதானம். வண்டி ரசிகர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது. 2008-இல் ஹார்லி-டேவிட்சன் ஏறத்தாழ 10.9 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010-இல் எம்.வி. அகுஸ்தா மீண்டும் காஸ்திலியோனியிடமே வந்தது.